ஸ்மால்கேப் இண்டெக்ஸ் ஃபண்டின் செலவு 0.3 சதவீதம்தானா?

நிஃப்டி ஸ்மால்கேப் 250 பட்டியலில் உள்ள சின்ன கம்பெனிப் பங்குகளை அப்படியே வாங்கி வைக்கும் இண்டெக்ஸ் ஃபண்ட் வாங்கலாமா என்று கேட்பவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் ஆரம்பிக்கிறார்கள். "இந்த ஃபண்டில் எக்ஸ்பென்ஸ் ரேஷியோ 0.25, அந்த ஃபண்டில் 0.36, எதை எடுக்க?" ஃபண்டை நடத்த நம் பணத்திலிருந்து வருடத்துக்கு எத்தனை சதவீதம் கழிக்கிறார்கள் என்பதுதான் எக்ஸ்பென்ஸ் ரேஷியோ. கேள்வி தப்பில்லை. ஆனால் அந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள வித்தியாசம் லட்ச ரூபாய்க்கு வருடம் 110 ரூபாய். இந்த வகை ஃபண்டில் உங்கள் பணத்தைத் தின்னக்கூடிய விஷயங்களை வரிசையாக வைத்தால், நாம் உட்கார்ந்து ஒப்பிட்டுக்கொண்டிருக்கும் இந்த நம்பர் கடைசி வரிசையில்தான் நிற்கும். முன்வரிசையில் இருப்பவை ஃபண்ட் ஆப்பின் முதல் பக்கத்தில் தெரிவதில்லை, அதனால் யாரும் கேட்பதும் இல்லை.

முதலில் "சின்ன கம்பெனி" என்றால் எவ்வளவு சின்னது என்று பார்த்துவிடலாம், ஏனென்றால் பலர் மனதில் இருப்பது ஏதோ பத்து பேர் வேலை பார்க்கும் பட்டறை. பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் அமைப்பான செபி 2017 அக்டோபரில் கொண்டுவந்த விதிப்படி சந்தை மதிப்பில் முதல் 100 கம்பெனிகள் லார்ஜ்கேப், 101 முதல் 250 வரை மிட்கேப், 251-லிருந்து கீழே உள்ள எல்லாமே ஸ்மால்கேப். அந்த 250-ஆவது இடத்தில் கோடு எங்கே விழுகிறது தெரியுமா? 2025 வாக்கில் சுமார் 30,000 கோடி ரூபாய் சந்தை மதிப்பில். கும்பகோணத்தில் தலைமையகம் உள்ள சிட்டி யூனியன் பேங்க், கரூர் வைஸ்யா பேங்க், மணலியில் சுத்திகரிப்பு ஆலை வைத்திருக்கும் சென்னை பெட்ரோலியம், இப்படி நமக்கு நன்றாகத் தெரிந்த பெயர்கள் எல்லாம் இந்த இண்டெக்ஸில் இடம்பெற்றவை. நிஃப்டி 500-ல் லார்ஜ்கேப்பும் மிட்கேப்பும் போக மிச்சமுள்ள 250 கம்பெனிகள்தான் நிஃப்டி ஸ்மால்கேப் 250. ஆக கம்பெனி சின்னது என்பதால் வரும் ஆபத்து பாதி. மீதி ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது: இந்தப் பங்குகளை ஒரு நாளில் வாங்க விற்க எவ்வளவு பேர் இருக்கிறார்கள் என்பதில்.

சரி, கட்டணத்துக்கு வருவோம். எக்ஸ்பென்ஸ் ரேஷியோவுக்கு பில் எதுவும் வராது, தினமும் கொஞ்சம் கொஞ்சமாக என்ஏவியிலிருந்து, அதாவது ஒரு யூனிட்டின் விலையிலிருந்து, கழித்துவிட்டுத்தான் நமக்கு என்ஏவியையே காட்டுவார்கள். இண்டெக்ஸ் ஃபண்டுகளுக்கு செபி பல வருடங்களாக வைத்திருந்த உச்சவரம்பு 1 சதவீதம். ஃபண்ட் ஹவுஸிடமே நேராக வாங்கும் டைரக்ட் திட்டங்கள் இதற்கு வெகு கீழே இருக்கும், விநியோகஸ்தர் வழியாக வாங்கும் ரெகுலர் திட்டங்கள் பல நேரம் அந்த வரம்பை ஒட்டியே நிற்கும். இரண்டு ஃபண்ட் ஹவுஸ்களுக்கு நடுவில் உள்ள வித்தியாசத்தைவிட, ஒரே ஃபண்டின் டைரக்டுக்கும் ரெகுலருக்கும் நடுவில் உள்ள வித்தியாசம் பெரிது. 5 லட்சம் ரூபாயை 15 வருடம் விட்டுவைக்கிறீர்கள், இண்டெக்ஸ் வருடத்துக்கு 12 சதவீதம் தருகிறது என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம் (தரும் என்று நான் சொல்லவில்லை). செலவே இல்லாவிட்டால் 27.37 லட்சம். 0.35 சதவீதம் போனால் சுமார் 26.11 லட்சம். 1 சதவீதம் போனால் சுமார் 23.92 லட்சம். டைரக்டுக்கும் ரெகுலருக்கும் நடுவில் 2 லட்சத்துக்கு மேல் போய்விட்டது, அதாவது போட்ட முதலில் நாற்பது சதவீதத்துக்கும் மேல்.

ரெகுலர் திட்டத்தில் அந்தக் கூடுதல் பணம் விநியோகஸ்தருக்கு வருடா வருடம் கமிஷனாகப் போகிறது. அதை நான் முழுக்கத் திருட்டு என்று சொல்ல மாட்டேன். கீழே சொல்லப்போகிற மாதிரி ஒரு வீழ்ச்சியில் உங்களுக்கு போன் போட்டு, "விக்காதீங்க சார், மாதாமாதம் போடுற எஸ்ஐபியை நிறுத்தாதீங்க" என்று உட்கார வைத்து பேசுகிறவர் இருந்தால் அவர் அந்தப் பணத்தைச் சம்பாதித்துவிட்டார். ஆனால் அப்படி ஒரு போன் உங்களுக்குக் கடைசியாக எப்போது வந்தது என்று யோசித்துப் பாருங்கள். புது ஃபண்ட் அறிமுகமாகும்போது மட்டும் போன் வருகிறது என்றால் கணக்கு வேறு.

மற்ற சில்லறைக் கட்டணங்கள் உண்மையிலேயே சில்லறை. வாங்கும்போது முத்திரைத் தீர்வை 0.005 சதவீதம், லட்சத்துக்கு 5 ரூபாய். விற்கும்போது பங்குப் பரிவர்த்தனை வரி லட்சத்துக்கு 1 ரூபாய். சில ஃபண்டுகளில் வாங்கிய சில நாட்களுக்குள் விற்றால் எக்ஸிட் லோட் என்ற வெளியேறும் கட்டணம் உண்டு. அந்தப் பணம் ஃபண்ட் ஹவுஸுக்குப் போகாமல் திட்டத்துக்கே திரும்பி, உள்ளே இருக்கிறவர்களுக்குச் சேர்கிறது. இந்த வகை ஃபண்டில் அது நியாயமும்கூட, ஏனென்றால் அவசரமாக வந்து அவசரமாகப் போகிறவருக்காகப் பங்குகளை வாங்கி விற்கும் செலவை மற்ற எல்லாரும்தான் சுமக்கிறார்கள்.

இப்போது ஆப்பின் முதல் பக்கத்தில் தெரியாத விஷயம். இண்டெக்ஸ் கொடுத்த வருமானத்திலிருந்து ஃபண்ட் கொடுத்த வருமானத்தைக் கழித்தால் வருவது ட்ராக்கிங் டிஃபரன்ஸ். எக்ஸ்பென்ஸ் ரேஷியோ 0.3 என்று போட்டிருக்கும் ஃபண்ட் இண்டெக்ஸைவிட 0.7 குறைவாகத் தந்திருந்தால், உங்களுக்கு உண்மையில் ஆன செலவு 0.7. அந்த மீதி 0.4 எங்கே போனது?

நிஃப்டி 50 ஃபண்டில் இந்தக் கேள்வி அவ்வளவாக எழாது. ஐம்பது கம்பெனிகள், ஒவ்வொன்றிலும் தினமும் நூற்றுக்கணக்கான கோடிக்கு வியாபாரம், ஃபண்ட் மேனேஜர் எவ்வளவு வாங்கினாலும் விலை அசையாது. ஸ்மால்கேப் 250-ல் கதை வேறு. இதில் ஒவ்வொரு கம்பெனியின் எடையும் சிறியது, முதலிடத்தில் இருப்பதே பெரும்பாலும் ஒன்றிரண்டு சதவீதம் அளவில்தான் இருக்கும், கடைசியில் இருப்பவை அதில் ஒரு சின்னத் துணுக்கு. இன்று ஃபண்டுக்குள் 2 கோடி புதுப்பணம் வந்தால் அதை 250 துண்டாக வெட்டி 250 பங்குகள் வாங்க வேண்டும். இண்டெக்ஸுக்கு என்ன, அது காகிதத்தில் கடைசி விலையைப் போட்டுக் கணக்கு முடித்துவிடும், ஃபண்டுதான் சந்தையில் நின்று விற்கிறவன் கேட்கும் விலையைக் கொடுத்து வாங்க வேண்டும்.

அப்புறம் ஆறு மாதத்துக்கு ஒரு முறை வரும் மாற்றம். மார்ச் இறுதியிலும் செப்டம்பர் இறுதியிலும் இந்த இண்டெக்ஸை மாற்றி அமைக்கிறார்கள். ஜனவரி 31, ஜூலை 31 வரையிலான தகவல்களை வைத்து யார் உள்ளே, யார் வெளியே என்று முடிவாகும், நான்கு வாரம் முன்பே அறிவிப்பும் வந்துவிடும். அறிவிப்புக்கு முன்பே தரகு நிறுவனங்கள் இந்தப் பட்டியலைக் கணித்து வெளியிடுவது ஒரு தனித் தொழிலாகவே நடக்கிறது. எந்தப் பங்கை எல்லா ஸ்மால்கேப் இண்டெக்ஸ் ஃபண்டுகளும் எந்த நாளில் வாங்கியே தீர வேண்டும் என்று ஊருக்கே தெரிந்திருக்கும்போது, முன்கூட்டியே வாங்கி வைத்து அன்றைக்கு விற்க ஆள் இல்லாமலா போவார்கள்? அமெரிக்காவில் சின்ன கம்பெனிகளுக்கான ரஸல் 2000 இண்டெக்ஸின் ஜூன் மாத மாற்றத்தைச் சுற்றி பல வருடங்களாக நடப்பது இதேதான். இதில் போகும் பணம் இண்டெக்ஸ் விலைக்குள்ளேயே கலந்துவிடுவதால் ட்ராக்கிங் டிஃபரன்ஸில்கூட முழுதாகத் தெரியாது.

இந்த வாங்கல் விற்றலுக்கு ஃபண்டும் வரி கட்டுகிறது. டெலிவரிக்கு வாங்கினால் 0.1 சதவீதம், விற்றால் 0.1 சதவீதம். வருடத்தில் ஃபண்டின் 30 சதவீதத்தை விற்று வேறு வாங்கினால் இது மட்டும் 0.06 சதவீதம், லட்சத்துக்கு 60 ரூபாய். பல வருடங்களாக எக்ஸ்பென்ஸ் ரேஷியோவில் இது சேர்ந்ததில்லை. 0.25, 0.36 என்று மண்டையை உடைத்துக்கொண்டவர் இந்த 60 ரூபாயைப் பார்த்திருக்கவே மாட்டார்.

போதாததற்கு சர்க்யூட் இருக்கிறது. எஃப் அண்ட் ஓ (ஃப்யூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் ஒப்பந்த வியாபாரம்) பட்டியலில் இல்லாத பங்குகளுக்கு ஒரு நாளில் இவ்வளவுதான் ஏறலாம் இறங்கலாம் என்று 5, 10, 20 சதவீத வரம்புகள் உண்டு. கெட்ட செய்தி வந்தால் பங்கு காலையிலேயே அன்றைய கீழ் வரம்பான லோயர் சர்க்யூட்டில் பூட்டிக்கொள்ளும், விற்க வரிசை நிற்கும், வாங்க ஆளே இருக்காது. 2018-ல் வக்ரங்கி என்ற கம்பெனியின் ஆடிட்டர் ராஜினாமா செய்த பிறகு அந்தப் பங்கு நாள் தவறாமல் லோயர் சர்க்யூட்டில் விழுந்தது பலருக்கு ஞாபகம் இருக்கும். அந்த வருட ஜனவரியில் 500 ரூபாய் தொட்ட பங்கு அதே வருடத்தில் 50-க்கும் கீழே போனது. 250 கம்பெனிகளில் ஒன்று இப்படிப் போனால் ஃபண்டுக்குக் கீறல்தான் விழும், அதுதான் இண்டெக்ஸின் நல்ல குணம். ஆனால் விற்க முடியாத நாட்களில் கணக்கு இண்டெக்ஸோடு ஒத்துப்போகாது என்பதும் உண்மை.

இண்டெக்ஸ் ஃபண்டுகள் ட்ராக்கிங் டிஃபரன்ஸை ஒரு வருடம், மூன்று வருடம், ஐந்து வருடம் என்று பிரித்து மாதாமாதம் வெளியிட வேண்டும் என்று செபி 2022-லேயே சொல்லிவிட்டது. ஃபண்ட் ஹவுஸ் தளத்தில் ஏதோ ஒரு மூலையில் இருக்கும். அதைத்தான் ஒப்பிட வேண்டும், அதையும் டைரக்டுக்கு டைரக்ட், ஒரே காலத்துக்கு. கட்டணம் 0.1 கூடுதலாக வாங்கிக்கொண்டு வேலையை ஒழுங்காகச் செய்கிற ஃபண்ட், மலிவாக வந்து நழுவுகிற ஃபண்டைவிட மேல்.

இத்தனையும் சேர்த்தாலும் வருடத்துக்கு ஒரு சதவீதத்துக்குள் அடங்கும் விஷயம். இதைவிடப் பெரிய ஒன்று இந்த இண்டெக்ஸின் அமைப்பிலேயே இருக்கிறது. நன்றாக வளர்ந்த கம்பெனி ஸ்மால்கேப்பில் தங்காது. மிட்கேப்புக்கு ஏறிவிடும், அன்றோடு ஃபண்ட் அதை விற்றுவிட வேண்டும். மேலே இருந்து சறுக்கி விழுகிற கம்பெனி இந்த இண்டெக்ஸுக்குள் வந்து சேரும். ஜெயித்தவனை அனுப்பிவிட்டு, வழுக்கியவனை வரவேற்பதே இதன் வேலை.

சுஸ்லானை எடுத்துக்கொள்ளுங்கள். ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் பஸ்ஸில் போனவர்களுக்குக் காற்றாலைகளோடு சேர்ந்து மனதில் நிற்கிற பெயர். ஒரு காலத்தில் நிஃப்டி 50-லேயே இருந்த கம்பெனி, 2008 ஜனவரியில் 400 ரூபாய்க்கு மேல் விற்ற பங்கு, கடன் கழுத்தை நெரித்து 2020 மார்ச்சில் 2 ரூபாய்க்கும் கீழே வந்தது. பிறகு எழுந்தது. 2023 ஒரே வருடத்தில் மூன்று மடங்குக்கு மேல் ஏறி, 2024 தொடக்கத்தில் ஃபண்ட் நிறுவனங்களின் சங்கமான ஆம்ஃபியின் பட்டியலில் மிட்கேப் ஆனது. இப்படி ஒரு கம்பெனியை, பங்குகளைத் தானே தேர்ந்தெடுக்கும் ஆக்டிவ் ஸ்மால்கேப் ஃபண்ட் மேனேஜர் வேண்டுமென்றால் வைத்துக்கொள்ளலாம், அவர் 65 சதவீதத்தை ஸ்மால்கேப்பில் வைத்தால் போதும், மீதி அவர் இஷ்டம். இண்டெக்ஸ் ஃபண்டுக்கு அந்த இஷ்டம் கிடையாது. அதோடு இந்த இண்டெக்ஸில் நுழைய லாபம் சம்பாதிக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இல்லை.

இனி விலை வீழ்ச்சி. கட்டணத்தைப் பற்றிப் பேசும்போது இதை ஏன் இழுக்கிறேன் என்றால், ஸ்மால்கேப்பில் நாம் கொடுக்கும் பெரிய விலை காத்திருப்புதான். 2008 ஜனவரியில் பிஎஸ்இ ஸ்மால்கேப் இண்டெக்ஸ் 14,200-ஐத் தாண்டியது. 2009 மார்ச்சில் 3,000-க்கும் கீழே. ஐந்தில் நான்கு பங்கு காலி. அதே சமயம் சென்செக்ஸும் விழுந்ததுதான், ஆனால் 2010 நவம்பரில் அது 21,000-ஐத் தொட்டு பழைய உச்சத்துக்குத் திரும்பிவிட்டது. பிஎஸ்இ ஸ்மால்கேப் திரும்பி வந்தது எப்போது தெரியுமா? 2017-ல். ஒன்பது வருடம். டிவிடெண்டைச் சேர்த்தால் கொஞ்சம் முன்னால் வந்திருக்கும், பணவீக்கத்தைச் சேர்த்தால் இன்னும் பின்னால் போகும். 2008-ல் குழந்தையை எல்கேஜியில் சேர்த்தவர், அது எட்டாம் வகுப்பு போகும் வரை போட்ட பணத்தைத் திரும்பப் பார்க்கவில்லை.

அடுத்த சுற்று இன்னும் விசித்திரம், ஏனென்றால் செய்தித்தாளில் நெருக்கடி என்று எதுவும் இல்லாதபோதே நடந்தது. 2018-ல் நிஃப்டி 50 சுமார் 3 சதவீதம் ஏறியது. அதே வருடம் நிஃப்டி ஸ்மால்கேப் 250 நாலில் ஒரு பங்குக்கு மேல் இழந்தது. டிவியில் "சந்தை புதிய உச்சம்" என்று ஓடிக்கொண்டிருக்கும்போது உங்கள் ஃபண்ட் மட்டும் சிவப்பில் இருப்பது எல்லாரும் சேர்ந்து விழுவதைவிடத் தாங்க முடியாத விஷயம். அங்கிருந்து 2020 மார்ச் கொரோனா வீழ்ச்சி வரை கணக்கிட்டால் 2018 உச்சத்திலிருந்து சுமார் 60 சதவீதம் போயிருந்தது. 60 சதவீதம் விழுந்த பணம் பழைய இடத்துக்கு வர 150 சதவீதம் ஏற வேண்டும். ஏறியதுதான், 2021 நடுவில் பழைய உச்சத்தைத் தாண்டியது. ஆனால் அந்த மூன்றரை வருடத்தில் எத்தனை பேர் எஸ்ஐபியை நிறுத்தினார்கள், எத்தனை பேர் 2020 ஏப்ரலில் "போனது போகட்டும்" என்று விற்றார்கள் என்பது எந்த ஃபேக்ட்ஷீட்டிலும் வராது. 2024 செப்டம்பர் உச்சத்திலிருந்து 2025 பிப்ரவரி இறுதிக்குள் மறுபடியும் சுமார் கால்வாசி விழுந்தது. இதெல்லாம் அபூர்வம் இல்லை, இந்த வகையின் சுபாவமே இதுதான்.

இதனால்தான் "ஐந்து வருட வருமானம்" என்று காட்டும் அட்டவணையை நான் நம்புவதில்லை. 2020 மார்ச் முடிவில் ஆரம்பிக்கிற கணக்கு எந்த ஸ்மால்கேப் ஃபண்டையும் தங்கச் சுரங்கமாகக் காட்டும். 2018 ஜனவரியில் ஆரம்பித்து 2020 மார்ச்சில் முடிக்கிற கணக்கு அதே ஃபண்டைக் குப்பையாகக் காட்டும். விளம்பரத்துக்கு எந்தக் கணக்கு வரும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

எல்லாரும் ஒரே நேரத்தில் வெளியே வர நினைத்தால் என்ன ஆகும்? 2024 மார்ச்சில் செபியின் அப்போதைய தலைவர் மாதபி புரி புச், ஸ்மால்கேப் மிட்கேப் பங்குகளில் விலை நியாயத்தை மீறி நுரை பொங்கியிருக்கிறது என்ற பொருளில் பேசினார், அதற்கு இரண்டு நாள் கழித்து ஸ்மால்கேப் இண்டெக்ஸ் ஒரே நாளில் சுமார் 5 சதவீதம் இறங்கியது. அதே மாதம் ஃபண்ட் ஹவுஸ்கள் முதல்முறையாக, தங்கள் ஸ்மால்கேப் திட்டத்தில் பாதியை விற்க எத்தனை நாள் ஆகும் என்று வெளியிட்டார்கள். நிப்பான் 27 நாள், எச்டிஎஃப்சி 42 நாள், எஸ்பிஐ 60 நாள். இவை ஆக்டிவ் ஃபண்டுகள், பல ஆயிரம் கோடி வைத்திருப்பவை. இண்டெக்ஸ் ஃபண்டுகள் இவற்றைவிட ரொம்பச் சின்னவை, அதனால் தனியாகப் பார்த்தால் சீக்கிரம் விற்றுவிடலாம். ஆனால் விற்கும் பங்குகள் அதேதான், வாங்கும் ஆட்களும் அதே ஆட்கள்தான். உங்களுக்குப் பணம் சில நாளில் வந்துவிடும். என்ன விலைக்கு விற்று வந்தது என்பதுதான் கேள்வி.

அப்படியென்றால் ஆக்டிவ் ஃபண்ட் மேலா? இங்கே எனக்கு உறுதியான ஒரு பக்கம் கிடையாது. லார்ஜ்கேப்பில் இண்டெக்ஸ் போதும் என்பதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. ஸ்மால்கேப்பில் டைரக்ட் திட்டமாகப் பார்த்தால், பெரிய ஆக்டிவ் ஃபண்டுகளுக்கும் இண்டெக்ஸ் ஃபண்டுக்கும் கட்டண வித்தியாசம் பல நேரம் அரை சதவீதத்துக்குள்தான், "மலிவு" என்ற வாதம் இங்கே பாதி பலம்தான். ஆக்டிவ் ஃபண்டால் கதவையும் சாத்த முடியும். 2023-ல் நிப்பானும் டாடாவும் மொத்தமாகப் பணம் போடுவதை நிறுத்தி வைத்தார்கள். இண்டெக்ஸ் ஃபண்ட் கேட்ட விலைக்கு வாங்கியே ஆக வேண்டும். மறுபக்கம், இன்று நன்றாகச் செய்யும் மேனேஜர் நாளை வேறு கம்பெனிக்குப் போய்விடுவார், ஃபண்ட் பெருத்து இருநூறு பங்குகளுக்கு மேல் வைத்துக்கொண்டு அதுவே பாதி இண்டெக்ஸ் ஆகிவிடும். எந்த மேனேஜர் என்று தேர்ந்தெடுக்கும் தலைவலி வேண்டாம் என்பவருக்கு இண்டெக்ஸ். அந்தக் காரணத்துக்காக வாங்கலாம், 0.3 சதவீதத்துக்காக வாங்க வேண்டாம்.

பங்கு மாதிரியே சந்தையில் வாங்கி விற்கும் ஃபண்டான இடிஎஃப் வாங்கலாமா என்பவர்களுக்கு ஒரு வரி: வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவில் உள்ள இடைவெளியை, அந்த நிமிட என்ஏவியோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் கிடைத்த விலைக்கு வாங்கும் மார்க்கெட் ஆர்டர் போடாதீர்கள். வியாபாரம் குறைந்த இடிஎஃப்பில் ஒரு வருடக் கட்டணம் ஒரே கிளிக்கில் போய்விடும்.

எனக்குப் படுவது இது. சின்ன கம்பெனிகளும் கையில் இருக்க வேண்டும், அவ்வளவுதான் என்றால் நிஃப்டி 500 இண்டெக்ஸ் ஃபண்ட் ஒன்று போதும். அதே 250 கம்பெனிகள் அதற்குள் இருக்கின்றன, எல்லாம் சேர்ந்து பத்தில் ஒரு பங்கு சொச்சம் எடையில். முக்கியமாக, அதில் ஒரு கம்பெனி ஸ்மால்கேப்பிலிருந்து மிட்கேப்புக்கு ஏறினால் ஃபண்ட் எதையும் விற்க வேண்டாம், ஜெயித்தவன் உள்ளேயே இருப்பான். அதற்கு மேலும் ஸ்மால்கேப் வேண்டும் என்று தோன்றினால் தனி ஃபண்ட் எடுங்கள். மொத்த ஈக்விட்டியில் ஒரு பத்து சதவீதம் என்பது என் அளவு, பதினைந்துக்கு மேல் போனால் எனக்குத் தூக்கம் வராது, உங்களுக்கு வரலாம். பத்து வருடத்துக்குள் தேவைப்படும் பணம், மகள் கல்யாணம், வீட்டு முன்பணம் இதெல்லாம் இங்கே வரவே கூடாது. ஒரேயடியாக ஏறி பத்து சதவீதம் பதினாறு ஆகிவிட்டால் மிச்சத்தை எடுத்து வேறு பக்கம் போட வேண்டும், இதைச் சொல்வது சுலபம், 2021, 2023 மாதிரி வருடங்களில் கை வராது.

ஏற்கெனவே ரெகுலர் திட்டத்தில் இருப்பவர்கள் டைரக்டுக்கு மாறலாம், ஆனால் அதே ஃபண்டுக்குள் மாறினாலும் வரிக்கணக்கில் அது விற்பனைதான். ஒரு வருடத்துக்கு மேல் வைத்திருந்த யூனிட் என்றால் நிதியாண்டுக்கு மொத்தம் 1.25 லட்சம் லாபம் வரை வரி இல்லை, அதற்கு மேல் 12.5 சதவீதம். ஒரு வருடத்துக்குள் என்றால் 20 சதவீதம். லாபம் 2.5 லட்சத்துக்குள் இருக்கிறது, வேறு பங்கு லாபமும் இல்லை என்றால், பாதியை மார்ச்சில், மீதியை ஏப்ரலில் மாற்றுங்கள். இரண்டு நிதியாண்டு விலக்கும் கிடைக்கும், எக்ஸிட் லோட் காலம் முடிந்துவிட்டதா என்பதை மட்டும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.